கொதிக்க வைத்தாலும் போகாதது - பாரிஸ் தண்ணீரின் கதையும் எங்கட வீட்டுச் சுவரும்

சித்திரை மலருக்கு ஒரு கட்டுரை தரவேணும் என்று சங்கத்து அண்ணை ஒருவர் தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏ.எல். எடுத்த கையோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். ஆர்ஜொந்தெய்க்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. "சரித்திரம் எழுதிறதுக்கு நான் ஆளில்லை அண்ணை" என்றேன். "உமக்கு நடந்ததை எழுதும் தம்பி, மிச்சம் தானாக வரும்" என்றார். எனக்கு நடந்தது ஒரு குழாய்த் தண்ணியோடும் ஒரு ஜன்னலோடும் சம்பந்தப்பட்ட விசயம். அதை விளங்கிக்கொள்ள என்று வாசிக்கத் தொடங்கினால், அது இருநூறு வருசத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது.

2019ம் ஆண்டு வருசப்பிறப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கட்கிழமை பின்னேரம் நோத்ர் டாம் தேவாலயம் எரிந்தது. அப்போது நாங்கள் லாசப்பலில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு அறையும் குசினியுமாக இருந்தோம். நானும் மனுசியும் இரண்டு வயது மகளும், இன்னொரு தம்பியும். அந்தத் தேவாலயத்தின் கூரையும் கோபுரமும் காரீயத் தகட்டால் மூடப்பட்டவை. நானூறு தொன்னுக்கு மேற்பட்ட காரீயம். எரிந்தபோது அதில் ஒரு பகுதி தூசாகப் பறந்து பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் றோட்டுகளிலும் படிந்துவிட்டது என்று அந்தக் கோடை முழுக்கச் செய்தி. பிள்ளைகளுக்கு இரத்தம் சோதித்தார்கள். "புளோம்" என்ற பிரெஞ்சுச் சொல்லை நான் அப்போதுதான் படித்தேன்.

எங்கட பிள்ளையைத் தடுப்பூசிக்காகத் தாய்சேய் நிலையத்துக்கு (இங்கே பெ.எம்.இ. என்பார்கள்) கொண்டுபோனபோது மனுசி பயத்தில் தேவாலயத்தைப் பற்றிக் கேட்டாள். அங்கிருந்த பெண் டொக்டர் அதைவிட்டுவிட்டு வேறு கேள்வி கேட்டார். உங்கள் கட்டிடம் எந்த ஆண்டு கட்டினது? சுவரில் பெயின்ற் உரிகிறதா? பிள்ளை எங்கே இருந்து விளையாடும்? பிள்ளை விளையாடுவது ஜன்னலடியில். றோட்டில் போகும் பஸ்ஸைப் பார்ப்பதற்காக ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், சில நேரம் அதைக் கடிப்பாள். இரத்தம் எடுத்தார்கள். ஒரு கிழமையில் ரெலிபோன் வந்தது. பிரான்சில் பிள்ளைகளுக்கு லீற்றர் இரத்தத்துக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது ஈயநஞ்சு நோய் என்று அரசாங்கத்துக்கு அறிவிக்கவேணும். எங்கட பிள்ளை அதைத் தாண்டியிருந்தாள்.

"தேவாலயத்துக் காரீயம் உங்கள் வீடு வரைக்கும் வந்திராது மதாம். உங்கள் வீட்டிலேயே இருக்கிறது" என்றார் டொக்டர். சுவரையும் சொன்னார், குழாயையும் சொன்னார். மனுசிக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. "இஞ்சரப்பா, ஒருநாளாவது கொதிக்க வைக்காத தண்ணி நான் இவளுக்குக் குடுத்திருக்கிறனோ?" என்று என்னைப் பிடித்தாள். உண்மைதான், கொடுத்ததே இல்லை. பிறகுதான் விளங்கியது, அந்தக் கேத்திலுக்கும் இந்த நஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று.

கொதித்தாறின தண்ணி என்பது எங்களுக்கு அம்மாமார் ஊட்டிவிட்ட பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைத்தண்ணி இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய வில்லையைப் போல மிதக்கிறது. அதைத்தான் துலாவாலும் வாளியாலும் பிறகு மோட்டராலும் அள்ளிக் குடித்தோம். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் அதிகம்; பக்கத்து வளவுக் கக்கூஸ் குழியில் இறங்குவது எங்கட கிணற்றுக்கும் வந்து சேரும். மாரி வெள்ளம் வடிந்தவுடன் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவார். இரண்டு நாளைக்குத் தண்ணி மணக்கும், தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது. நெருப்புக்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பயந்த சனம் அடுப்பில் ஒரு சட்டி தண்ணியை எப்போதும் வைத்திருக்கும். கிருமிக்கு அது சரியான மருந்து.

பாரிஸ் சனமும் கிருமியிலிருந்துதான் தொடங்கியது. எங்கட கடைத்தெரு இருக்கும் லாசப்பல் 1860ம் ஆண்டு வரைக்கும் பாரிசுக்கு வெளியே இருந்த ஒரு தனிக் கிராமம். பாரிஸ் குடித்தது பெரும்பாலும் செய்ன் நதித் தண்ணி. நகரத்துக் கழிவும் அதே ஆற்றில்தான். நெப்போலியன் 1802ல் ஊர்க் என்ற ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டச் சொன்னான். 1808ல் அந்தத் தண்ணி லாசப்பலுக்குப் பக்கத்தில் லா விலெத் தடாகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உலாத்துகிறோமே, அந்தத் தடாகம்தான். ஆனால் தடாகத்துக்கு வந்த தண்ணி வீட்டுக்கு வரவில்லை. அதை வாளியில் சுமந்துபோய் மாடிமாடியாக விற்றவர்கள் தண்ணீர்க்காரர்கள். அவர்களில் மிகப்பலர் ஓவேர்ன் என்ற மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பாரிஸ்காரர் அவர்களுடைய பேச்சைப் பகிடி பண்ணுவார்களாம். ஒரே அறையில் பலபேர் படுத்து, காசு மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். குழாய் வந்து தண்ணீர் வியாபாரம் படுத்த பிறகு விறகும் கரியும் வைனும் விற்று, கடைசியில் பாரிசின் கபேக்களில் பெரும்பங்குக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். வாசிக்கும்போது எனக்கு லாசப்பல் கடைக்காரர்களின் முகம்தான் வந்து நின்றது.

1832ல் கொலரா வந்தது. ஆறு மாதத்தில் பாரிசில் மட்டும் 18,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரதமராக இருந்த கசிமிர் பெரியேயும் அதில்தான் போனார். அதற்குப் பிறகும் இருபது வருசத்துக்கு மேல் ஆனது, தூரத்திலிருந்து ஊற்றுத் தண்ணி கொண்டுவரவேணும் என்று முடிவெடுப்பதற்கு. ஓஸ்மான் நகரத்தை இடித்துக் கட்டிய காலத்தில் பெல்கிறான் என்ற பொறியியலாளர் தண்ணீர் வேலையைப் பொறுப்பெடுத்தார். துயிஸ் ஊற்றிலிருந்து 131 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் 1865லும், வான் ஊற்றுகளிலிருந்து வந்தது 1874லும் பாரிசை எட்டின. குடிக்க ஒரு குழாய், றோட்டுக் கழுவவும் பூங்காவுக்கும் இன்னொரு குழாய் என்று இரண்டு வலையமைப்பு. பாரிசில் அந்த இரண்டாவது குழாய்த்தண்ணி இன்றைக்கும் ஓடுகிறது. காலையில் றோட்டோரம் வழிந்து ஓடுவதைக் கண்டிருப்பீர்கள்.

இடையில் 1870-71 முற்றுகையும் கொம்யூன் சண்டையும் வந்து வாய்க்கால்கள் உடைபட்டன. தண்ணி விலை ஏறியது, ஏழைகள் தவித்தார்கள். அப்போது பாரிசில் இருந்த றிச்சார்ட் வலஸ் என்ற ஆங்கிலப் பணக்காரர் தன்ர காசில் ஐம்பது குடிநீர் ஊற்றுகளை நகரத்துக்குக் கொடுத்தார். நாலு பெண்சிலை ஒரு கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கும், நடுவில் தண்ணி விழும், பச்சை நிறம். முதலாவது 1872 ஓகஸ்ற்றில் லா விலெத் புல்வாரில் வைக்கப்பட்டது. லாசப்பலிலிருந்து நடக்கிற தூரம். சங்கிலியில் கட்டிய குவளையும் 1952 வரைக்கும் இருந்ததாம். எல்லாரும் ஒரே குவளையில் குடிப்பது சுகாதாரக்கேடு என்று பிறகு கழற்றிவிட்டார்கள். சித்திரை வெயிலில் கோயிலடியில் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணியும் ஊற்றின எங்கட சனத்துக்கு வலசை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதெல்லாம் பாரிசுக்குள். ஆர்ஜொந்தெய்க்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. பாரிசின் நிலக்கீழ் வாய்க்கால்களை ஒன்றாகச் சேர்த்து, அத்தனை கழிவையும் நகரத்துக்கு வெளியே கிளிச்சியில் வைத்து செய்னில் விட்டார்கள். இன்னொரு பெருங்கால் சென் டெனியில் விழுந்தது. ஆறு வளைந்து அடுத்ததாக வருவது எங்கட ஊர்ப் பக்கம். பாரிஸ் சுத்தமாகியது, ஆர்ஜொந்தெய் ஆறு கறுத்தது. ஓவியர் மொனே 1871 கடைசியிலிருந்து 1878 வரைக்கும் ஆர்ஜொந்தெயில் குடியிருந்து பாய்க்கப்பலும் பாலமும் வெளிச்சமுமாக வரைந்து தள்ளினார். அதே ஆண்டுகளில்தான் கோடையில் ஆற்றில் மீன் செத்து மிதந்தது, சேறு நுரைத்து நாறியது. படத்தில் மணம் வராது.

பிறகு அந்தக் கழிவை வயலுக்குப் பாய்ச்சினார்கள். 1869லிருந்து எதிர்க்கரை ஜென்விலியேயிலும், 1895லிருந்து அஷேரிலும், அதற்கடுத்து எங்கட வல்-துவாஸ் மாவட்டத்துப் பியேர்லே, பெசாங்கூர் வெளியிலும். மரக்கறி கொழுகொழு என்று விளைந்தது, பாரிஸ் சந்தைக்குப் போனது. நூறு வருசம் கழித்து மண்ணைச் சோதித்துப் பார்த்தால் காரீயமும் கட்மியமும் படிந்து கிடக்கின்றன. 2000ம் ஆண்டளவில் அங்கே மரக்கறி செய்யத் தடை வந்தது. இப்போது அந்தப் பியேர்லே வெளியில் ஆயிரம் ஹெக்ரருக்கு மேல் காடு வளர்க்கிறார்கள். எனக்குப் படிப்பு குறைவு என்றாலும் ஒன்று விளங்கியது: நாற்றம் போய்விடும், கிருமி செத்துவிடும், காரீயம் போட்ட இடத்தில் கிடக்கும்.

கிருமியைக் கொல்வதில் பிரெஞ்சுக்காரர் கெட்டிக்காரர். நாங்கள் கக்கூஸ் கழுவ வாங்கும் ஜவெல் தண்ணி, பாரிசின் 15ம் வட்டாரத்தில் இருந்த ஜவெல் என்ற கிராமத்துத் தொழிற்சாலையில் 1780களில் பேர்த்தொலே என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்த சாமான். 1916ல் வெர்டுன் போர்முனையில் சிப்பாய்களுடைய குடிதண்ணிக்கு அந்த ஜவெலில் மிகச் சின்ன அளவைக் கலந்து நோயைத் தடுத்தார்கள். எங்கட ஊர்க் கிணற்றில் சுகாதாரப் பரிசோதகர் போட்ட மருந்துக்கு இது நெருங்கிய சொந்தம்.

ஆக, பாரிஸ் தண்ணி சுத்தம். குழாயில் பிடித்துக் குடிக்கலாம் என்று இங்கே சொல்வது பொய்யில்லை. பிரச்சினை, அந்தச் சுத்தமான தண்ணி றோட்டிலிருந்து எங்கட குசினிக்கு வரும் கடைசிச் சில மீற்றரில். அது நகரசபையின் சொத்தில்லை, வீட்டுச் சொந்தக்காரரின் சொத்து. சொந்தக்காரருக்கும் நகரத்துக்கும் உள்ள இந்த இழுபறி பழையது. 1894ல் ஒவ்வொரு கட்டிடமும் கழிவை நிலக்கீழ் வாய்க்காலோடு இணைக்கவேணும் என்று சட்டம் வந்தபோது பாரிஸ் வீட்டுக்காரர்கள் சங்கம் கூடி, வழக்குப் போட்டு, பல வருசம் இழுத்தடித்தார்கள். செலவு அவர்களுக்கு, காய்ச்சல் குடியிருப்பவனுக்கு.

அந்தக் கடைசி மீற்றர்களில்தான் காரீயக் குழாய் இருக்கிறது. இளகிய உலோகம், வளைக்கலாம், ஒட்டலாம், துருப்பிடிக்காது. ரோமர் காலத்திலேயே போட்டார்கள். அந்தக் காலத்திலேயே வித்ருவியஸ் என்ற கட்டிடக்கலைஞர், காரீயம் உருக்குபவர்களின் வெளிறின முகத்தைப் பாருங்கள், மண்குழாயே நல்லது என்று எழுதிவைத்தார். பிரெஞ்சில் காரீயத்துக்குப் பெயர் புளோம், குழாய் திருத்துபவருக்குப் பெயர் புளோம்பியே. ஒரு தொழிலுக்கே பெயர் வைத்த சாமானை இலேசில் விடுவார்களா? குடிதண்ணிக்குக் காரீயக் குழாய் போடக்கூடாது என்று பிரான்சில் முழுத்தடை வந்தது 1995ல்தான். இங்கே ஒரு விளக்கம் சொல்லவேணும். ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அது வெள்ளீயம், வேறு உலோகம். இது மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டின் ஈயம், காரீயம்.

இரவு முழுக்கக் குழாய்க்குள் அசையாமல் நிற்கும் தண்ணி காரீயத்தைக் கரைத்து எடுக்கிறது. சுடுதண்ணி இன்னும் கூடக் கரைக்கும். கொதிக்க வைத்தால் காரீயம் ஆவியாகிப் போகாது. தண்ணி வற்ற வற்ற மிச்சத் தண்ணியில் அதன் அளவு கூடும். விடிய எழும்பினவுடன் குழாயில் வந்த முதல் தண்ணியைக் கேத்திலில் பிடித்து, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, பால்மா கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தது நாங்கள்தான்.

தண்ணியில் எவ்வளவு காரீயம் இருக்கலாம் என்ற எல்லையை ஐரோப்பாவில் படிப்படியாகத்தான் இறக்கினார்கள். லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் என்று இருந்தது, பிரான்சில் 2003 கடைசியில் 25 ஆகியது, 2013 கடைசியில் 10 ஆகியது. 2036ல் 5 ஆகவேணும். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிசுக்கு ஏன் இந்தப் பாடு? உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது, அது அங்கே வருசக்கணக்காகக் கிடக்கும். பெரியாக்கள் விழுங்குவதில் பத்தில் ஒரு பங்களவுதான் இரத்தத்தில் சேரும். சின்னப்பிள்ளைக்குப் பாதி வரைக்கும் சேரும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூட. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. பிள்ளை கொஞ்சம் மந்தமாக, கொஞ்சம் குழப்படியாக இருக்கும், பாடம் ஏறாது. நாங்கள் "வாத்தியார் சரியில்லை" என்போம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பிளின்ற் நகரத்தில் 2014ல் செலவு மிச்சம் பிடிக்க என்று தண்ணி எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். குழாயை அரிக்காமல் தடுக்கும் மருந்தைப் போடாமல் விட்டதால் பழைய குழாய்களின் காரீயம் வீடு வீடாக வந்தது. பெரும்பாலும் கறுப்பினத்து ஏழைச் சனம் இருந்த ஊர். தாய்மார் பழுப்புத் தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். ஒரு குழந்தை வைத்தியர் பிள்ளைகளின் இரத்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் அதிகாரிகள் வாயைத் திறந்தார்கள்.

ஆனால் எங்கட வீட்டில் பெரிய குற்றவாளி தண்ணி இல்லை, ஜன்னல். நகரசபைச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் கைத்துப்பாக்கி மாதிரி ஒரு மெசினோடு வந்தார். அதைச் சுவரில் வைத்து அழுத்தினால் உள்ளே எத்தனை அடுக்குப் பெயின்றுக்குக் கீழே காரீயம் இருந்தாலும் காட்டும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிகிராம் என்பது எல்லை. ஜன்னல் சட்டத்தில் வைத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, இலக்கத்தை எழுதிக்கொண்டார். குழாய்த் தண்ணியும் 10ஐத் தாண்டித்தான் இருந்தது.

வெள்ளைப் பெயின்றுக்குக் காரீய வெள்ளை என்ற தூள் கலப்பார்கள். அதைச் செய்த பேர்போன தொழிற்சாலை ஒன்று 1809லிருந்து கிளிச்சியில் இருந்தது. தொழிலாளியாக இருப்பதால் இந்தப் பகுதியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அங்கே வேலை செய்தவர்களுக்கும் பெயின்ற் அடிப்பவர்களுக்கும் குடல் முறுக்கும் வலி வரும், முரசில் நீலக்கோடு விழும், பிறகு மணிக்கட்டு சோர்ந்து கை தொங்கிவிடும். நாகத்தால் செய்த வெள்ளைத் தூள் நஞ்சில்லை என்று ழான் லெக்ளேர் என்ற பாரிஸ் பெயின்ற் கொன்றாக்ரர் 1840களிலேயே செய்து காட்டினார். எண்டாலும் தொழிலாளருக்குத் தடைச்சட்டம் வர 1909 ஆகியது, அது நடைமுறைக்கு வர மேலும் பல வருசம். 1919ல் தொழில்நோய்ச் சட்டம் வந்தபோது அட்டவணையில் முதலாம் இலக்கத்தில் எழுதினது காரீயத்தை. இன்றைக்கும் அது முதலாம் இலக்கம்தான். பெயின்ற் வேலைக்கும் பழைய கட்டிடம் உடைக்கும் வேலைக்கும் போகும் எங்கட பெடியள் இதைத் தெரிந்து வைத்திருக்கவேணும். பழைய பெயின்றைக் காய்ந்தபடி சுரண்டக்கூடாது, அந்த உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கவும் கூடாது.

தொழிலாளியைக் காப்பாற்றினார்கள், சுவரை விட்டுவிட்டார்கள். பழைய பெயின்ற் சுவரிலேயே கிடந்தது. மேலே புதுப் பெயின்ற் அடித்து வாடகைக்கு விட்டார்கள். 1985ல்தான் பாரிஸ் டொக்டர்மார், இது தொழிற்சாலை நோய் மட்டுமில்லை, வீட்டு நோயும்தான் என்று கண்டார்கள். பிடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் பழைய, ஈரம் ஊறின கட்டிடங்களில் இருந்த ஆபிரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். உரிந்த பெயின்ற் துண்டு வாயில் இனிக்கும். முதலில் இது அந்தச் சனத்தின் பழக்கவழக்கம், மண் தின்னும் வழக்கம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிறகு வீடுகளை அளந்து பார்த்தபோது விளங்கியது, பழக்கம் இல்லை, வாடகை வீடுதான் காரணம் என்று. 1998 யூலை 29ந் திகதிச் சட்டம், இப்படியான வீட்டில் வேலை செய்யச் சொல்லிக் கட்டளையிடும் அதிகாரத்தை மாவட்ட அரச அதிபருக்குக் கொடுத்தது. 2008 ஓகஸ்ற்றிலிருந்து, 1949க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர் காரீயப் பரிசோதனைக் கடுதாசியை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுக்கவேணும்.

எங்களுக்கு ஏது ஒப்பந்தம்! அறையை எங்களுக்கு விட்டவர் நம்மட ஆள்தான். அவரும் வேறொருவரிடம் எடுத்து, எங்களுக்குக் கைமாற்றினவர். சுகாதாரப் பகுதிக்காரர் வரப்போகிறார் என்றவுடன் ரெலிபோன் எடுத்து, "ஏன் தம்பி தேவையில்லாத வேலை? கதவைத் திறவாதையுங்கோ, வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவான்" என்றார். எங்களோடு இருந்த தம்பிக்கு அப்போது விசா இல்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவன் விடியவே எழும்பி வெளியே போய்விட்டான். இரவு வேலை முடிந்து வந்து நான் கதவடியில் நின்றேன், திறக்கிறதா விடுகிறதா என்று. மனுசிதான் திறந்தாள். வந்தவர் எங்களிடம் காட் கேட்கவில்லை. யார் யார் இருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே படுக்கிறாள் என்று மட்டும் கேட்டார்.

அதே 2019 ஏப்பிரலில் கொழும்பு உச்ச நீதிமன்றம் சுன்னாகம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுன்னாகத்து மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் சனம் கிணற்றைக் கைவிட்டு, பவுசர் தண்ணிக்குக் கானோடு வரிசையில் நின்றது. மின்சாரம் உற்பத்தி செய்த கம்பனி பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா கொடுக்கவேணும் என்று தீர்ப்பு. அதற்கு முந்தியே 1980களில், எங்கட தோட்டக் கிணறுகளில் உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று எல்லைக்கு மேல் ஏறிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருந்தார்கள். அது கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயுவைக் கட்டுப்படுத்திப் பிள்ளையை நீலமாக்கும். எண்ணெயும் சரி, நைத்திரேற்றும் சரி, காரீயமும் சரி, கேத்திலுக்குப் பயப்படாது. நான் இதை ரெலிபோனில் சொல்ல அம்மா நம்பவில்லை. "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் விறகெரிச்சது சும்மாவோ?" என்று கேட்டா. சும்மா இல்லை அம்மா, அது வேற எதிரிக்கு என்றேன்.

மருந்து ஒன்றும் தரவில்லை. எங்கட மகளுடைய அளவுக்கு மருந்து இல்லை, நஞ்சு வருகிற வழியை அடைப்பதுதான் வைத்தியம். தும்புத்தடியால் கூட்டவேண்டாம், தூசு எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள் என்றார்கள். பிள்ளையின் கையை அடிக்கடி கழுவி, நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார்கள். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள சாப்பாடு. மனுசி லாசப்பல் கடையில் முருங்கையிலையும் கீரையும் வாங்கினாள். காலையில் குளிர்தண்ணிக் குழாயை ஒன்றிரண்டு நிமிசம் திறந்து விட்டு, அந்தத் தண்ணியைப் பாத்திரம் கழுவ வைத்துவிட்டு, பிறகு வருவதைக் குடிக்கப் பிடித்தோம். சமையலுக்கும் பால்மாவுக்கும் சுடுதண்ணிக் குழாயில் பிடிப்பதை விட்டோம். அரச அதிபரின் கட்டளை போய், உண்மையான சொந்தக்காரர் ஜன்னலை மாற்றி, சுவரைப் பலகையால் மூடினார். குழாய் மாற்றவில்லை. 2020ல் ஆர்ஜொந்தெயில் வீடு கிடைத்து வந்துவிட்டோம். மகளின் இரத்த அளவு ஒவ்வொரு சோதனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இரண்டாம் வருசம் எல்லைக்குக் கீழே வந்தது. பள்ளிக்கூடம் போகிறாள். கணக்கு வராவிட்டால் மனுசி என் முகத்தைப் பார்ப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆர்ஜொந்தெயில் எங்கட வீடு 1970களில் கட்டினது, காரீயம் இல்லை. பக்கத்தில்தான் செய்ன். 1923ல் பாரிசில் ஆற்றில் குளிக்கத் தடை போட்டார்கள். 2025 யூலையில் மூன்று இடத்தில் திறந்துவிட்டார்கள். நூறு வருசம். உங்கள் ஊர்த் தண்ணீரின் பரிசோதனை முடிவு மேரியில் ஒட்டியிருக்கும், வருசத்துக்கு ஒருதரம் பில்லோடும் வரும். ஆனால் அது உங்கள் கட்டிடத்துக் குழாய்க்குள் நடப்பதைச் சொல்லாது. 1949க்கு முந்தின கட்டிடத்தில் இருப்பவர்கள், ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், அல்லது மனுசி கர்ப்பமாக இருந்தால், பெ.எம்.இ.யில் கேளுங்கள். அங்கே காசும் இல்லை, விசாவும் கேட்பதில்லை.

இதை எழுதத் தொடங்கின கிழமை லாசப்பலுக்குச் சாமான் வாங்கப் போனேன். பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இப்போது ஒரு இளம் குடும்பம் இருக்கிறது, அதே ஆளிடம் எடுத்த அறை. எங்கட மாடியில் வேலை நடந்த காலத்தில் அந்த மாடியில் இருந்தவர்கள் கதவு திறக்காதபடியால் அங்கே யாரும் அளக்கவில்லை. அந்தத் தம்பியைக் கடையில் கண்டு விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணை, அறை போனால் எங்க போறது?" என்றார். பிள்ளைக்கு ஒன்றரை வயது. நான் பெ.எம்.இ. விலாசத்தை எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனுசியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.